அம்மா தைத்த பொன்னியின் செல்வனும் மூதூர்த் தோணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இப்போது வருகிற நாவல்களில் சண்டையும் முகாமும் கண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை, பழைய நாவல்களில் இருந்த கதைச்சுவை போய்விட்டது, பிள்ளைகள் வாசிப்பை விட்டதற்கு அதுதான் காரணம் என்கிறார் எழுதியவர். ஐம்பது வருசத்துக்கு மேலாக நாவல் வாசிக்கிறவள் நான். அவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் உடன்பாடும் நிறையக் கோபமும் இருப்பதால் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய நாவலைப் பற்றியே சொல்கிறேன். எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வன் புத்தகமாக இருக்கவில்லை, கட்டாக இருந்தது. 1950 இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் அது தொடராக வந்தபோது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்கு வருகிற இதழை, அந்த வீட்டில் எல்லாரும் வாசித்து முடித்தபிறகு கேட்டு வாங்கி, தொடர் வந்த பக்கங்களை மட்டும் பிளேட்டால் வெட்டிச் சேர்த்து வைத்திருக்கிறாள். பிறகு மாமா வலை பொத்துகிற நூலைச் சாக்கு ஊசியில் கோத்து, பழைய கலண்டர் மட்டையை மேலும் கீழும் வைத்து, ஐந்து பாகத்தையும் ஐந்து கட்டாகத் தைத்தாளாம். பூச்சி அரிக்காமல் இருக்கக் கோதுமைமாப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தாள். அந்த நீலம் ஒவ்வொரு கட்டின் முதுகிலும் திட்டுத் திட்டாகத் தெரியும். ஓவியர் மணியத்தின் படங்கள் இருந்த பக்கங்களில் ஓரம் மட்டும் கறுத்திருக்கும், அவ்வளவு கைகள் பட்டிருந்தன.

எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அந்தக் கட்டுகளைத்தான் வாசித்தேன். கடைசிக் கட்டில், கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் இறக்கிற இடத்தில், நாலு வாரப் பக்கங்கள் இல்லை. அந்த நாலு வாரமும் பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லையோ, இதழ் வரவில்லையோ தெரியாது. அம்மா அந்த இடத்தை வாயால் சொன்னாள். விளக்கு அணைந்தது, ஆள் விழுந்தது, எல்லாம் சொன்னாள்.

"ஆர் அம்மா கொண்டது?"

"வேற ஆர், நந்தினிதான்."

சில வருசம் கழித்து இரவலாகக் கிடைத்த புத்தகத்தில் அந்த அத்தியாயங்களை நானே வாசித்தேன். கொன்றது யார் என்று கல்கி வடிவாகச் சொல்லவே இல்லை. நந்தினி என்றும் நினைக்கலாம், வேறு ஆள் என்றும் நினைக்கலாம், அவனே செய்துகொண்டான் என்றும் நினைக்கலாம், அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமலே சொன்னாள்: "அவர் எழுதாமல் விட்டால் அவள் செய்யேல்லை எண்டு ஆகுமோ?"

ஒரு நாவலைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடப் பெரியது இன்னும் வரவில்லை. இருபது வருசமாக அவள் அந்தக் கொலையைத் தன் மனசில் விசாரித்துத் தீர்ப்பும் சொல்லி முடித்திருந்தாள். கல்கியின் கெட்டித்தனம் குதிரையிலும் சதியிலும் இருக்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அது அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் எல்லாவற்றையும் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டு வந்தவர், ஆக முக்கியமான கணத்தில் கையை விட்டுவிடுகிறார். யார் செய்தது என்று கடைசிவரை தெரியாமலே போவது என்னவென்று எங்கள் திருகோணமலை மாவட்டத்து ஆட்களுக்குப் பின்னாளில், யுத்தத்தில், நன்றாகத் தெரியவந்தது. அம்மா சொன்னதை நான் மறக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டுகள் 1990 இல் வீட்டோடு போய்விட்டன. அதைப் பற்றி எழுத வரவில்லை.

ஐம்பது வயதில் திரும்பவும் பொன்னியின் செல்வனை எடுத்தேன். வேகம் அப்படியே இருந்தது, ஒவ்வொரு அத்தியாயமும் முடிகிற விதம் இன்றைக்கும் அடுத்த பக்கத்தைத் திருப்ப வைக்கிறது. ஆனால் கடல் வருகிற இடங்களில் எனக்கு ஒட்டவில்லை. பூங்குழலி கோடிக்கரையிலிருந்து படகைத் தள்ளிக்கொண்டு இலங்கைப் பக்கம் போகிறாள், பாட்டுப் பாடுகிறாள், அழகுதான். சின்ன வயதில் நானும் பூங்குழலியாகப் போகவேண்டும் என்று இருந்தவள்தான். ஆனால் துடுப்புப் பிடித்த கை காய்த்துப் போகும், உப்புத் தண்ணீர் பட்ட வெடிப்பு எரியும், வாடை பெயர்ந்தால் நினைத்த கரைக்குப் போக முடியாது, இதெல்லாம் எங்கள் வீட்டில் மாமாக்களின் கையைப் பார்த்தாலே தெரிந்த விசயம். கல்கி கடலைக் கரையில் நின்று பார்த்திருக்கிறார். இது குறையா என்று கேட்டால், அவர் எழுதிய வகைக் கதைக்குக் குறையில்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு வேறு கடல் தேவைப்பட்டது.

கட்டுரை எழுதியவருக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். செவ்வியல் என்றவுடன் அவர் தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார். எங்கள் திருகோணமலையில் இன்னாசித்தம்பி என்பவர் ஊசோன் பாலந்தை கதையை 1891 இல் வெளியிட்டிருக்கிறார். அதற்கு நாலு வருசம் கழித்து, 1895 இல், இதே ஊர்க்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி சென்னையில் அச்சாகியிருக்கிறது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது அதுதான். கல்கி பிறந்தது 1899 இல். நாயக்கர் காலத்துச் சொக்கநாதனையும் மோகனாங்கியையும் வைத்துத் திருகோணமலையான் ஒருவர் நாவல் எழுதி நாலு வருசம் கழித்துத்தான் கல்கியே பிறக்கிறார் என்பதை எங்கள் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

சொல்லிக்கொடுக்கட்டும். ஆனால் அது எங்கள் ஊர்க்காரர் எழுதியது என்பதற்காகவே பெரிய நாவல் என்று என்னால் சொல்ல முடியாது. வாசித்துப் பார்த்தேன், முடிக்கக் கஷ்டப்பட்டேன். எனக்குப் பிடித்தது அதே சரவணமுத்துப்பிள்ளை மோகனாங்கிக்கு முன்பு எழுதிய தத்தை விடு தூது என்ற சின்னச் செய்யுள் நூல். பெண்களை அடைத்து வைப்பதை எதிர்த்துக் கிளியைத் தூது விடுகிறார். நூற்றுமுப்பது வருசத்துக்கு முந்தியது என்று நம்பவே முடியாது.

ஒன்றைக் கவனித்தீர்களா? இலங்கையின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படுகிற, கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வையின் அசன்பேயுடைய கதை 1885 இல் வந்தது. அது எகிப்தில் தொடங்குகிறது. ஊசோன் பாலந்தை கதை ஐரோப்பிய வீரக்கதை ஒன்றைத் தழுவியது, காட்டில் கரடி வளர்த்த பிள்ளை வருகிற கதை. மோகனாங்கி நாயக்கர் அரண்மனைக்குப் போகிறது. நாவல் என்றால் அது வேறு எங்கேயோதான் நடக்கவேண்டும் என்று எங்கள் முன்னோடிகள் நினைத்திருக்கிறார்கள் போல. வாசலில் கடல் இருக்கிறது, கோணேசர் மலை இருக்கிறது, குளக்கோட்டன் கதை இருக்கிறது, தம்பலகாமத்து வயல் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து எழுதியிருக்கிறார்கள். அது அவர்கள் பிழையில்லை. அந்தக் காலத்தில் கதையின் வேலை ஆளைத் தூரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் இருந்தது.

முதுகைத் திருப்பி முகத்தைக் கரைக்குக் காட்டியவர் என்று எனக்குத் தெரிந்தவர் மூதூரைச் சேர்ந்த வாத்தியார் வ. அ. இராசரத்தினம். அவருடைய தோணி என்ற சிறுகதையைப் பதினாறு வயதில் வாசித்தேன். தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகிற ஒரு மீனவப் பையனுடைய கதை, அவ்வளவுதான். வாசித்து முடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். எத்தனையோ தரம் பார்த்த தோணிகள்தான், மணலில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒன்றின் அடிப்பலகையில் பொருத்து விட்டிருந்த இடத்தில் பஞ்சை வைத்து அடைத்து மேலே பூசியிருந்தது. முதல் நாள் வரைக்கும் அது எனக்கு ஒட்டுப் போட்ட தோணி. அன்றைக்கு அதைப் பார்த்தபோது, இதைச் சொந்தமாக வைத்திருக்கிறவனுக்கும் கூலிக்குப் போகிறவனுக்கும் நடுவில் இருக்கிற தூரம் தெரிந்தது. மாமா எந்த வயதில் தன் தோணியை வாங்கினார், அதற்கு அம்மம்மாவின் எந்த நகை போனது என்று நான் அதுவரைக்கும் கேட்டதில்லை, அன்றிரவு கேட்டேன். ஒரு கதை எனக்கு இதைச் செய்தது. கல்கி செய்யாததை ஏழெட்டுப் பக்கத்தில் மூதூர் வாத்தியார் ஒருவர் செய்தார்.

கட்டுரையாளரோடு நான் முரண்படுகிற இடம் இதுதான். பழசு, புதுசு என்று பிரித்து ஒன்றில் சுவை இருக்கிறது, மற்றதில் இல்லை என்றால் எப்படி? எழுதியவருக்குத் தான் எழுதுகிற ஆளின் வேலை தெரிந்திருக்கிறதா, அந்த வீட்டில் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, அடுப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்திருக்கிறதா, நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அது இருந்தால் யுத்தக் கதையும் சுவைக்கும். இல்லாவிட்டால் அரண்மனைக் கதையும் சப்பென்று இருக்கும்.

பால மனோகரனின் நிலக்கிளியை எடுங்கள், 1973 இல் வந்தது. தண்ணிமுறிப்புக் காட்டுக்குள் மூன்று நாலு ஆட்கள், காடு வெட்டுகிறார்கள், விதைக்கிறார்கள், வேட்டைக்குப் போகிறார்கள். பதஞ்சலி என்ற அந்தப் பெட்டையை நிலத்தில் பொந்து வைத்து வாழ்கிற, உயரப் பறக்காத ஒரு பறவைக்கு ஒப்பிட்டுப் பெயர் வைத்திருக்கிறார். அதே காலத்தில் வந்த செங்கை ஆழியானின் வாடைக்காற்றும் அப்படித்தான், நெடுந்தீவில் வாடி போடுகிற மீனவர்கள், காற்றுத்தான் கதையை நடத்துகிறது. எழுபதுகளில் இந்திய இதழ்கள் வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி மலிவு விலையில் இந்த மாதிரி நாவல்களை அச்சடித்து நாடு முழுக்கக் கொண்டுபோனது. பஸ் நிலையத்துக் கடையிலும் தொங்கும். இன்றைக்கு என் வயதில் இருக்கிற வாசகர்களை உண்டாக்கியது அந்தப் புத்தகங்கள்தான் என்று நான் சொல்லுவேன்.

அந்த வரிசையில் எங்கள் ஊர் நா. பாலேஸ்வரியின் பூஜைக்கு வந்த மலரும் வந்தது. அவருடைய சுடர்விளக்கு 1966 லேயே வந்துவிட்டது. விமர்சகர்கள் அவரைக் குடும்பக் கதைக்காரி என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், இதில் எனக்கு நெடுநாள் மனக்குறை. எங்கள் ஒழுங்கையில் அவர் புத்தகம் ஒன்று வந்தால் ஏழு வீடு சுற்றித்தான் திரும்பி வரும், வரும்போது ஒரு பக்கத்தில் மஞ்சள் விரல் அடையாளம் இருக்கும், இன்னொன்றில் குழந்தையின் பால் சிந்தியிருக்கும். பத்திரிகையில் தலைப்பைத் தவிர வேறெதையும் வாசிக்காத பெண்கள் அதை வாசித்தார்கள். ஆண் எழுதிய குடும்பக் கதை இலக்கியம், பெண் எழுதினால் பொழுதுபோக்கு என்ற கணக்கு எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

தமிழ்நாட்டு நாவல்களில் நான் ஆகக் கூடுதலாகத் திரும்பத் திரும்ப வாசித்தது ஜானகிராமனின் அம்மா வந்தாள். 1966 இல் வந்த புத்தகம். முதல் தரம் வாசிக்கும்போது எனக்குப் பத்தொன்பது வயது, அலங்காரத்தம்மாளை மன்னிக்கவே முடியவில்லை. புருசனும் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிற வீட்டுக்கு இன்னொருத்தன் வந்து போகிறான், அதற்குப் பிராயச்சித்தமாக ஒரு பிள்ளையை வேதம் படிக்க அனுப்பிவிடுகிறாள், என்ன தாய் இவள் என்று புத்தகத்தை மூடிவைத்தேன். நாற்பத்தைந்து வயதில் வாசித்தபோது நான் வேதம் படிக்கப்போன அந்தப் பிள்ளை அப்புவின் மேல்தான் கோபப்பட்டேன். எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிற புருசன் தண்டபாணியின் மேல் அதைவிடக் கூடக் கோபப்பட்டேன். கடைசியில் அவள் காசிக்குப் புறப்படுகிற இடத்தில் அழுதேன். இப்போது அறுபது தாண்டிவிட்டது. போன வருசம் வாசித்தேன், இந்தத் தரம் ஒருவர் மேலும் கோபம் வரவில்லை. புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஒரு நாவலுக்கு நான் பெரியது என்று சொல்வது இதைப் பார்த்துத்தான். அவருடைய மோகமுள்ளும் நல்ல நாவல்தான், ரங்கண்ணாவின் பாட்டு வகுப்பு வருகிற பக்கங்கள் அபாரம், ஆனால் பாபு ஏங்குகிற ஏக்கம் எனக்கு ஒரு கட்டத்தில் அலுத்துவிடுகிறது.

செம்மீனைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் கடற்கரைக் கதை என்றால் எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். தகழியின் நாவல், சுந்தர ராமசாமியின் தமிழில்தான் வாசித்தேன், மொழிபெயர்ப்பு என்றே தெரியாது. ஆனால் கடலுக்குப் போனவனுடைய உயிர் கரையில் இருக்கிற பெண்டாட்டியின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்ற அந்த நம்பிக்கை கதையை முழுக்கத் தூக்கிக்கொண்டு போகிறதே, அதை என்னால் ரசிக்க முடியவில்லை. எங்கள் அம்மம்மாவின் புருசன் ஒரு மார்கழி மாதத்தில் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவளிடம் போய் இப்படி ஒரு நம்பிக்கையைச் சொல்லிப் பாருங்கள். அவள் காற்றைத்தான் திட்டினாள், சாகும் வரைக்கும் திட்டினாள்.

எனக்கு வேண்டியிருந்த கடல் இரண்டு புத்தகத்தில் கிடைத்தது. ஒன்று ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி, மற்றது ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு. 2004 இல் வந்த ஆழி சூழ் உலகைச் சுனாமிக்குப் பிறகுதான் வாசித்தேன், கடலை வெறுத்திருந்த காலம் அது. ஆமந்துறைப் பரதவர்களின் பேச்சு முதல் ஐம்பது பக்கம் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது, பிடிபட்டதும் விடமுடியவில்லை. சிங்காரத்தின் நாவலில் தொங்கான் என்ற பாய்க்கப்பலில் மலேயாப் பக்கம் போகிறவர்கள் புயலில் அகப்படுகிற இடத்தை நான் எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். வாக்கியமே ஆடும். இரண்டாம் உலக யுத்தத்தை அவர் மெடானிலும் பினாங்கிலும் வைத்து எழுதினார். அதே யுத்தத்தில் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன, எண்ணெய்க் குதம் ஒன்று எரிந்தது, சனம் ஊரைவிட்டு ஓடியது. அப்பா அப்போது சின்னப் பிள்ளை, கறுத்த புகையை நாட்கணக்காகப் பார்த்ததாகச் சொல்லுவார். அந்தப் பகலைச் சிங்காரம் மாதிரி ஒருவர் எழுதி நான் வாசிக்கவேண்டும் என்று முப்பது வருசமாக ஆசை.

இப்போது யுத்த நாவல்களுக்கு வருகிறேன். கட்டுரையாளர் அலுத்துக்கொண்டது இவற்றைப் பற்றித்தான். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டக்கூடாது. ஷோபாசக்தியின் கொரில்லாவும் 'ம்' என்ற நாவலும் 2001 இலும் 2004 இலும் வந்தவை. அகதி விண்ணப்பம் எழுதுகிற மாதிரித் தொடங்கி, அடிக்குறிப்புக்குள் கதையைக் கொண்டுபோய், ஒரு மனிசனுடைய வாழ்க்கையை ஒரு கந்தோர் எப்படிக் கேட்கும், அவன் எப்படிச் சொல்லுவான் என்று காட்டியதைச் சுவையில்லை என்று யார் சொல்ல முடியும்? நான் தபால் கந்தோரில் இருந்தவள். எத்தனை பேருக்கு அந்த விண்ணப்பங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பிக் கொடுத்திருக்கிறேன், உறைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கொரில்லா வாசித்தபிறகுதான் அந்த உறைகளின் பாரம் தெரிந்தது. சயந்தனின் ஆதிரையில் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய சனம் வருகிறது, அவர்களை எழுதியதற்காகவே அந்தப் புத்தகத்துக்கு நன்றி சொல்லவேண்டும். தமிழ்நதியின் பார்த்தீனியம் இந்திய இராணுவம் இருந்த காலத்தைச் சொல்கிறது. அதை நான் இரவில் வாசிக்கவில்லை, பகலில்தான் வாசித்தேன்.

ஆனால் கட்டுரையாளர் சொல்வதில் நான் ஒத்துக்கொள்கிற இடமும் இங்கேதான் இருக்கிறது. சில புதிய நாவல்களில் ஒரு பாத்திரம் வாயைத் திறந்தால் துண்டுப்பிரசுரம் வருகிறது. இரண்டு பேர் பங்கருக்குள் இருந்து ஐந்து பக்கத்துக்கு அரசியல் விளக்குகிறார்கள், அவர்களுக்குப் பசிக்கவே இல்லை, நுளம்பு கடிக்கவே இல்லை. நான் பங்கருக்குள் இருந்திருக்கிறேன். அங்கே நாங்கள் கதைத்தது அடுத்த வீட்டு ஆட்டைக் கட்டிவைத்துவிட்டு வந்தார்களா, அவிழ்த்துவிட்டு வந்தார்களா என்பதைத்தான். இன்னும் சில நாவல்கள் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு முந்தி வந்தாகவேண்டும் என்ற அவசரத்தில் வந்தவை என்று பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை சொல்கிறது. ஒரு சனத்தின் சாவை எழுதுகிறவர் ஒற்றெழுத்தைக் கவனிக்க நேரமில்லாமல் அச்சுக்குக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும்.

யுத்தத்தை எழுதுகிற இளம் ஆட்கள் அசோகமித்திரனின் 18வது அட்சக்கோட்டை ஒருக்கா வாசிக்கவேண்டும். 1977 இல் வந்தது. செகந்தராபாத்தில் சந்திரசேகரன் என்ற பையன், கிரிக்கெட் ஆடுகிறான், மாடு மேய்க்கிறான், கல்லூரிக்குச் சைக்கிளில் போகிறான். ஐதராபாத்தை இந்தியாவோடு சேர்க்கிற கலவர காலம். புத்தகத்தின் முக்கால்வாசிக்கு ஒன்றுமே பெரிதாக நடக்காத மாதிரி இருக்கும். கடைசியில் ஒரு கலவர நாளில் அவன் தற்செயலாக ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் குதித்துவிடுகிறான். பயந்துபோய் ஒடுங்கி நிற்கிற குடும்பம். அவர்களை விட்டுவிடும்படி கேட்டு, அந்த வீட்டுச் சின்னப் பெண் தன் உடுப்பைக் கழற்றுகிறாள். அவன் ஓடுகிறான். அவ்வளவுதான் நாவல். அரசியல் விளக்கம் ஒரு வரி இல்லை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சனமும் சேர்ந்திருக்கிற, மூன்று சனமும் ஒருவரையொருவர் கண்டு ஓடிய மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்தக் கடைசிப் பக்கங்களை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நாங்கள் ஓடியதை மட்டும்தான் எழுதுகிறோம், எங்களைக் கண்டு யார் ஓடினார்கள் என்றும் ஒருவர் எழுதவேண்டும்.

பேச்சு வழக்கைப் பற்றி ஒரு விசயம். ஈழத்துக் கதைகளுக்கு அடிக்குறிப்புப் போட்டால்தான் விளங்கும் என்று தமிழ்நாட்டில் ஒரு காலம் சிலர் சொன்னது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்கும் சில பதிப்புகளில் கடைசியில் அருஞ்சொல் பட்டியல் வருகிறது. கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சையும் ஜானகிராமனின் அக்கிரகாரப் பேச்சையும் நாங்கள் ஒரு பட்டியலும் கேட்காமல்தான் வாசித்தோம். அத்திம்பேர் என்றால் யார் என்று கதையிலிருந்தே விளங்கிக்கொண்டோம். வாசகருக்குக் கொஞ்சம் வேலை இருக்கட்டும். விமல் குழந்தைவேலின் கசகறணத்தில் அக்கரைப்பற்றுப் பேச்சு அப்படியே ஓடுகிறது, திருகோணமலைக்காரியான எனக்கே சில சொல் புதிது, அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. எழுத்தாளர்களுக்கு என் வேண்டுகோள், "பாதை" என்று எழுதிவிட்டு அடைப்புக்குள் விளக்கம் போடாதீர்கள். 2009 இல் பாலம் வரும் வரைக்கும் கிண்ணியாத் துறையில் பஸ்ஸையும் மாட்டுவண்டியையும் ஏற்றிக்கொண்டு போன மிதவைக்குப் பெயர் பாதை. காத்து நின்ற வெயிலையும் டீசல் மணத்தையும் எழுதுங்கள், சொல் தானாக விளங்கும்.

அப்புறம் பிள்ளைகள் வாசிப்பதில்லை என்ற குற்றச்சாட்டு. என் பேத்திக்குப் பதினாறு வயது. அவள் போனில் வாசிக்கிறாள், நூலகம் இணையத்தளத்தில் இலங்கைப் புத்தகங்கள் எவ்வளவு கிடக்கிறது என்று எனக்குக் காட்டித் தந்தவளே அவள்தான். இந்தியாவிலிருந்து வருகிற நாவல் ஒன்றைக் கடையில் வாங்க அந்த விலைக்கு நான் ஓய்வூதியத்தில் யோசிக்கவேண்டியிருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளை எங்கே போகும்? எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றில் போன மாதம் வ. அ. இராசரத்தினத்தின் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். அங்கே இருந்தவர் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, இல்லை என்றார். மூதூர் இங்கேயிருந்து கடலுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரிகிற தூரம். பிள்ளைகள் வாசிக்கவில்லை என்று சொல்வதற்கு முதல், வாசிக்க என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்கலாமே.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் அரைப் பக்கத்தை, கிழமைக்கு ஒரு தரம் முடியாவிட்டால் மாதத்துக்கு ஒரு தரமாவது, பழைய கதை ஒன்றைத் திரும்பப் போடுவதற்கு ஒதுக்கித் தருவீர்களா? வ. அ. இராசரத்தினத்தின் சிறுகதைகளில் தொடங்கலாம், உரியவர்களிடம் அனுமதி கேட்டு. நா. பாலேஸ்வரியின் நாவல் ஒன்றைத் தொடராகப் போட்டுப் பாருங்கள், பழைய வாசகிகள் எத்தனை பேர் கடிதம் எழுதுகிறார்கள் என்று தெரியும். தத்தை விடு தூது சின்ன நூல், இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். தட்டச்சுக்கு ஆள் இல்லையென்றால் பேத்தியும் நானும் செய்து தருகிறோம், அவளுக்கு யூனிகோட் வேகமாக வரும், பிழை பார்ப்பது என் பொறுப்பு. தோணி தொகுப்பின் பழைய பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. நடுவில் இரண்டு தாள் கிழிந்திருக்கிறது, யாரிடமாவது முழுப் பிரதி இருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் படம் எடுத்து உங்கள் முகவரிக்கு அனுப்பும்படி இந்தக் கடிதத்தின் கீழ் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.